கவனமில்லாத மாணாக்கன்

பள்ளிக்கூடத்தோடு ஒத்துப்போகாத பிள்ளையை என்ன செய்வது என்னும் கேள்வி நம் நாட்டில் புதியதன்று. வீட்டு மூலையில் அழுதுகொண்டு கேட்ட கேள்வியை வெளியில் நின்று கேட்கத் துணிந்ததே புதிது. ஐந்து நிமிஷம் ஓரிடத்தில் தரித்திராத பிள்ளை, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளை, அழைத்த குரலுக்குத் திரும்பாமல் தன் உலகத்திலேயே ஆழ்ந்திருக்கும் பிள்ளை என இத்தகையோர் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இவர்களை வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கலாமா, கற்பிப்பதானால் கற்பிப்பவர் யார் என்ற விவாதம் இன்று நகரங்களில் மும்முரமாக நடக்கிறது. நாம் அதைக் கரிசல் காட்டிலிருந்து பார்க்க விரும்புகிறோம். அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, குண்டாற்றங்கரையில், திருச்சுழி என்னும் பாடல் பெற்ற ஸ்தலம் இருக்கிறது. அங்கே பிறந்த ஒரு பிள்ளையின் சரித்திரம் இவ்விஷயத்தில் வேண்டிய வெளிச்சம் தருமென்பது நமது அபிப்பிராயம்.

அப்பிள்ளையை உலகம் ஸ்ரீ ரமண மகரிஷி என்று அறியும். அவருடைய ஞான நிலையைப் பற்றிப் பேச நாம் முன்வரவில்லை. அதற்கு வேறு பெரியோர் இருக்கிறார்கள். அவர் மாணாக்கராயிருந்த காலத்தையும், பிறகு பிறருக்கு ஆசானாய் அமைந்த முறையையும் மாத்திரமே இங்கே எடுத்துக்கொள்கிறோம். பிள்ளைப் பருவத்தைச் சொல்லும்போது அவன் என்றே எழுதுவோம், பக்தர்கள் பொறுத்தருள்வார்களாக.

1879-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி, ஆருத்ரா தரிசன இரவில், சுந்தரமய்யருக்கும் அழகம்மாளுக்கும் இரண்டாவது குமாரனாக வேங்கடராமன் பிறந்தான். தகப்பனாரே பெரிய படிப்பால் உயர்ந்தவரல்லர். பன்னிரண்டாம் வயதில் மாதம் இரண்டு ரூபாய் சம்பளத்திற்குக் கணக்கரிடம் எழுத்து வேலைக்கு அமர்ந்து, பிறகு மனு எழுதிக் கொடுப்பவராகி, கடைசியில் பட்டமில்லாமலே திருச்சுழிக் கோர்ட்டில் வழக்காட அனுமதி பெற்ற வக்கீலானவர். தொழிலின் மூலமாகவே தொழிலைக் கற்றுக்கொண்டவர். ஆயினும், தம் பிள்ளைகள் இங்கிலீஷ் படித்துச் சர்க்கார் உத்தியோகம் பெற வேண்டுமென்றே அக்காலத்து மற்றத் தகப்பன்மாரைப் போல அவரும் நினைத்தார். அதில் தவறென்ன? மழை பொய்த்தால் கஞ்சிக்கும் வழியில்லாத சீமையில் நிலத்தை நம்பாதே, எழுத்தை நம்பு என்று பெற்றோர் எண்ணுவது இயற்கையே.

பையனுக்கு ஆறு வயதிருக்கும்போது நடந்த ஒரு சம்பவம் உண்டு. தகப்பனாரின் பழைய வழக்குக் கட்டுக்களை அவிழ்த்து, அக்காகிதங்களைக் கப்பல்களாக மடித்துத் தண்ணீரில் மிதக்க விட்டுவிட்டான். கோர்ட்டிலிருந்து திரும்பிய தகப்பனாருக்குக் கோபம் பொங்கியது. பையனை மொட்டையடித்து வீட்டை விட்டுத் துரத்துங்கள் என்னும்படியாகக் கத்தினார். பையன் ஒன்றும் பேசவில்லை. சாப்பாட்டு வேளையில் அவனைக் காணோம். ஊரெங்கும் தேடிய பின், பூமிநாதர் ஆலயத்தில் அம்பாள் விக்கிரகத்தின் பின்னே அவன் பேசாமல் உட்கார்ந்திருப்பதை அர்ச்சகர் கண்டு அழைத்து வந்தார். அதட்டினால் எதிர்த்துப் பேசாத பிள்ளை, அடங்கிவிட்டான் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். அவன் அடங்கவில்லை, விலகிவிட்டான் என்பது அவர்களுக்குப் புலப்படுவதில்லை. இவ்வேற்றுமையை ஒரு முறை கவனித்திருந்தால், பத்து வருஷம் கழித்து நேர்ந்தது எவருக்கும் ஆச்சரியமாயிருந்திராது.

திருச்சுழியில் ஆரம்பப் படிப்பு முடிந்து, திண்டுக்கல்லில் சிறிய தகப்பனார் வீட்டில் தங்கி ஒரு வருஷம் படித்தான். 1892-ஆம் வருஷம் சுந்தரமய்யர் காலமானார். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. தாயார் கடைசிப் பிள்ளையையும் பெண் குழந்தையையும் அழைத்துக்கொண்டு மானாமதுரையில் ஒரு மைத்துனர் வீட்டில் தங்கினார். நாகசாமியும் வேங்கடராமனும் மதுரைச் சொக்கப்ப நாயக்கன் தெருவில் சிறிய தகப்பனாரான சுப்பய்யர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். இவ்விடத்தில் நேயர்கள் சற்று நிற்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையன் ஒரே காலத்தில் தகப்பனை இழந்து, தாயையும் பிரிந்தான். அடைக்கலம் கொடுத்த சிறிய தகப்பனார் நல்லவரே; சோற்றுக்கோ துணிக்கோ குறைவில்லை. ஆனால் இப்பிள்ளையின் மனம் எதிலே பற்றுகிறது, எதிலே பற்றவில்லை என்று பக்கத்திலிருந்து பார்த்து வர ஒருவரும் இல்லாமற்போயினர். வீட்டுக் கல்வியைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் வீடு என்ற ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். அந்த வீடே உடைந்துபோவதும் உண்டு.

மதுரையில் முதலில் ஸ்காட் நடுத்தரப் பள்ளியிலும், பின்னர் அமெரிக்கன் மிஷன் உயர்தரப் பள்ளியிலும் படித்தான். படித்தான் என்று சொல்வதுகூட உபசாரந்தான். வீட்டுக்கு வந்து புஸ்தகத்தைத் திறப்பதில்லை. ஆயினும் ஒரு முறை காதால் கேட்ட பாடத்தை அப்படியே திருப்பிச் சொல்லும் ஞாபக சக்தி அவனுக்கு இருந்தது. மற்றப் பிள்ளைகள் வாசிக்கும்போது கேட்டுக்கொண்டிருந்தே வகுப்பில் காலந் தள்ளினான். காதால் கற்கும் பிள்ளையிடம் கண்ணால் படி என்று சொல்வது ஒருவிதத்தில் இடக்கைப் பழக்கமுள்ளவனை வலக்கையால் எழுது என்பது போலத்தான். விளையாட்டிலோ அவனுக்கு நிகரில்லை. கால்பந்து, மற்போர், நீச்சல் எதுவாயினும் அவன் சேர்ந்த கட்சியே ஜயிக்கும். அதனால் தோழர்கள் அவனுக்குத் தங்கக்கை என்று பெயரிட்டார்கள். சோம்பேறிக்கு இப்பெயர் கிடைக்காது. ஊக்கம் இருந்தது, அது பாட புஸ்தகத்தின் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவே.

தூக்கமும் விசித்திரமானது. உறங்கிவிட்டால் எழுப்ப முடியாது. திண்டுக்கல்லில் ஒரு நாள் கதவைத் தாளிட்டு உறங்கியவனை எழுப்பக் கதவை இடித்தும் கூச்சலிட்டும் பயன்படாமல் வீட்டார் திகைத்தனராம். மதுரையிலோ, விழித்திருக்கும்போது அவன்மேல் கை வைக்க அஞ்சிய பையன்கள், தூங்கும்போது தூக்கிக்கொண்டு போய் அடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து கிடத்துவார்கள். அவனுக்கு மறுநாள் மற்றவர்கள் சொன்னால்தான் தெரியும். இதைக் கண்டவர்கள் நகைத்தார்களேயன்றி ஆராயவில்லை.

1895-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், திருச்சுழியில் அறிமுகமான முதிய உறவினர் ஒருவர் எதிர்ப்பட்டார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டதற்கு அருணாசலத்திலிருந்து என்று அவர் சொன்னார். அச்சொல் பையனைப் பற்றிக்கொண்டது. அதையடுத்து வீட்டிற்கு இரவலாக வந்த பெரிய புராணத்தை யாருடைய ஏவலுமின்றி முழுதும் படித்து முடித்தான். புஸ்தகமே பிடிக்காது என்று முடிவு கட்டப்பட்ட பையன்! 1896-ஆம் வருஷம் ஜூலை மத்தியில், மாடி அறையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது திடீரென்று மரண பயம் அவனைச் சூழ்ந்ததும், அவன் பிணம் போலக் கிடந்து அதை விசாரித்துப் பார்த்ததும் யாவரும் அறிந்தவை. அன்று முதல் விளையாட்டும் போயிற்று, கொஞ்சநஞ்சமிருந்த பாடக் கவனமும் போயிற்று. புஸ்தகம் எதிரே திறந்திருக்கும். அவன் அதில் இரான். மாலையானால் மீனாக்ஷியம்மன் சந்நிதியில் போய் நிற்பான்.

உபாத்தியாயர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். பெயின் என்பவரின் இங்கிலீஷ் இலக்கணத்தில் ஒரு பாடத்தை அவன் படித்து வராததால், அதை மூன்று முறை எழுதி வரும்படி தண்டனை விதிக்கப்பட்டது. 1896 ஆகஸ்டு 29, சனிக்கிழமை. இரண்டு முறை எழுதினான். மூன்றாம் முறை எழுதும்போது அதன் பயனின்மை அவனுக்குத் தோன்றிற்று. காகிதத்தை ஒதுக்கிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தான். பார்த்துக்கொண்டிருந்த நாகசாமி, இப்படியிருக்க விரும்புகிறவனுக்குப் படிப்பும் வீட்டு வசதியும் எதற்கு என்னும் பொருள்பட ஒரு சொல் சொன்னான். தமையன்மீது நாம் குறை கூறவில்லை. அவனும் தகப்பனில்லாப் பிள்ளை. தானாவது தலையெடுத்து, தம்பியும் தலையெடுத்தால்தான் தாயாருக்குக் கதி என்றறிந்தவன். அச்சொல்லில் இருந்தது வெறுப்பன்று, பயம். அச்சொல் தம்பிக்கு நியாயமாகவே பட்டது. மின்சார சாஸ்திர வகுப்பு இருப்பதாகச் சொல்லி எழுந்தான். அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப் போய்த் தன் காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிடும்படி தமையன் சொன்னான். மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, தன்னைத் தேடவேண்டாம் என்று ஒரு சீட்டு எழுதி, மீதி இரண்டு ரூபாயை அதனுடன் வைத்துவிட்டுப் புறப்பட்டான். வழியறியப் புரட்டிய பள்ளிக்கூடப் பூகோளப் படம் பழையது. அதில் திண்டிவனமே அருகிலுள்ள ரயில் நிலையமாகக் காணப்பட்டது. திருவண்ணாமலைக்கே ரயில் போவது அப்புஸ்தகத்தில் ஏறவில்லை. பள்ளிக்கூடம் அவனுக்குக் கடைசியாக அளித்த உதவி அது!

செப்டம்பர் முதல் தேதி, கடுக்கனை அடகு வைத்தும் கால்நடையாக நடந்தும், திருவண்ணாமலை சேர்ந்தான். அதன் பிறகு ஐம்பத்து மூன்று வருஷங்களுக்கு மேலாக அம்மலையை விட்டு அவர் அகலவில்லை.

இதைக் கொண்டு, இன்றைய வைத்திய நூலிலுள்ள ஒரு கோளாற்றின் பெயரை மகரிஷிகளுக்குச் சூட்ட எவரேனும் முற்பட்டால் அதை நாம் ஒப்போம். இறந்தவர்களுக்கு வியாதி நிர்ணயம் செய்வது வைத்தியமன்று. ஒன்றிலே நிலைக்காத குழந்தைகளைப் பற்றி லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை வைத்தியர் பிரசங்கம் செய்ததே 1902-ல்தான். வேங்கடராமன் வீட்டை விட்டுப்போய் ஆறு வருஷம் கழித்து. நாம் சொல்ல வருவது வேறு. கவனமில்லை என்று ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது, எதிலே இல்லை என்று கேட்பார் அன்று இல்லை, இன்றும் அருமை. அமெரிக்காவில் தாமஸ் எடிசனுக்கு இது வாய்த்தது. சில மாதங்களே பள்ளிக்குச் சென்ற அச்சிறுவனை, முன்னர் உபாத்தியாயினியாயிருந்த அவன் தாயார் வீட்டிலேயே வைத்துக் கற்பித்தாள். அழகம்மாளுக்கு அந்தப் படிப்பும் இல்லை, சொந்த வீடும் இல்லை. அன்பு இரு தாய்மாருக்கும் ஒன்றே, வசதியே வேறு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பாடத்தில் நாட்டமில்லாத பிள்ளைகளெல்லாம் மகரிஷிகளாகவோ எடிசன்களாகவோ போவதில்லை. மிகப் பெரும்பாலோர் சாதாரண மனிதர்களாக வளர்ந்து, தறியோட்டியும் கடை வைத்தும் பிழைப்பார்கள். சிலரால் அதுவும் இயலாது. ஆயுள் முழுதும் ஒருவர் துணை வேண்டியிருக்கும். பின்னால் மேதையாவான் என்று ஜாமீன் எழுதிக் கொடுத்தால்தான் பொறுமை காட்டுவோம் என்பது வட்டிக்கடைப் புத்தி.

மாணாக்கனை விட்டு ஆசானைப் பார்ப்போம். மலைக்கு வந்த ஆரம்ப வருஷங்களில் இளஞ்சுவாமி பெரும்பாலும் மௌனமாயிருந்தார். பணிவிடை செய்த பழனிசுவாமி என்பவர் மலையாளி; வேதாந்த நூல்களை வாங்கி வந்து தமிழில் எழுத்துக் கூட்டிப் படிக்க மிகவும் சிரமப்படுவார். அவருடைய தவிப்பைக் கண்டு, இளஞ்சுவாமி அந்நூல்களைத் தாமே வாங்கிப் படித்துச் சாரத்தை அவருக்கு எடுத்துச் சொன்னார். தமக்கு அவை தேவைப்படவில்லை. படிக்க முடியாத ஒருவருக்காகவே படித்தார். இவ்வாறு பிறருக்கு உதவப் போய், ஒருவரிடமும் முறையாகப் பாடம் கேளாமல், மலையாளம், தெலுங்கு, சம்ஸ்கிருதம் மூன்றும் அவருக்குக் கைவந்தன. 1927-ல் தமிழில் முப்பது செய்யுளாக இயற்றிய உபதேச நூலைப் பிறகு அம்மூன்று பாஷைகளிலும் தாமே செய்து கொடுத்தார். இங்கிலீஷ் இலக்கணம் மூன்றாம் முறை எழுதாத கை அது.

1900-ஐ ஒட்டி, முனிசிபல் ஓவர்சியரான கம்பீரம் சேஷய்யர் யோக நூல்களைக் கொண்டுவந்து சந்தேகங் கேட்பார். சுவாமி அவற்றைப் படித்து, எளிய தமிழில் சுருக்கித் துண்டுக் காகிதங்களில் எழுதிக் கொடுப்பார். 1901, 1902-ல் சிவப்பிரகாசம் பிள்ளை என்னும் ரெவின்யூ இலாகா உத்தியோகஸ்தர் கேட்ட கேள்விகளுக்கு மணலிலும் சிலேட்டிலும் விடை எழுதிக் காட்டினார். மணல், சிலேட்டு, துண்டுக் காகிதம்! நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சாமான்களேயன்றி வேறில்லை. ஒரு சமயத்தில் ஒரே மாணாக்கர்; அவர் கேட்டதற்கே பதில்; அவருக்கு விளங்கும் அளவே பாடம்; விளங்கும்வரை அவசரமில்லை. இன்று கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்குச் சிறப்பு ஆசிரியர்கள் செய்ய வேண்டுமென்று நிபுணர்கள் கூறுவது பெரும்பாலும் இதுவே. நூதனமான கருவிகள் இருந்தால் நன்றே. இல்லையென்று பாடத்தை நிறுத்த வேண்டியதில்லை.

1916-ல் அழகம்மாள் மகனிடமே வந்து தங்கிவிட்டார். 1898-ல் ஒரு முறை வந்து, வீட்டுக்கு வா என்று நாட்கணக்கில் அழுது மன்றாடி, வெறுங்கையோடு திரும்பிய தாய் அவர். இப்போது கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டினார். தாம் கற்பிக்க முடியாமற் போன பிள்ளையிடம் தாமே மாணாக்கியானார். மகரிஷிகள் தாயாருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. வெங்காயமும் முருங்கைக்காயும் ஆகாது என்னும் ஆசாரத்தைச் சமையல் நடக்கும்போதே வேடிக்கை பேசிக் கரைத்தார். தீட்டு, மடி என்ற பிடிவாதங்கள் ஒவ்வொன்றாய்த் தளர ஆறு வருஷம் சென்றது. 1922 மே 19-ல் தாயார் மகன் கைகளுக்கிடையே உயிர் நீத்தார். வீட்டுப் பாடம் என்பதற்கு இதைக் காட்டிலும் நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை. அடுப்படியில், வேலையோடு வேலையாக, சிரிப்போடு, வருஷக்கணக்காக நடந்த பாடம்.

பிற்காலத்து ஆசிரமத்திலும் அவர் விடியுமுன் எழுந்து காய்கறி நறுக்குவார், இலை தைப்பார், கிழிந்த புஸ்தகங்களுக்குக் கட்டடம் கட்டுவார், அன்பர்களுக்காக நூல்களைத் தம் கையாலேயே பிரதி எடுப்பார். ஒரு முறை, வேலூர் ஊரீஸ் கல்லூரித் தெலுங்குப் பண்டிதர் ஒருவர் பற்றற்ற செயல் என்பது யாது என்று கேட்டார். பதில் வரவில்லை. சற்று நேரத்திற்கெல்லாம் மகரிஷிகள் மலைமேல் நடக்கலானார். பண்டிதரும் சிலரும் பின்சென்றனர். வழியில் கிடந்த முட்கொம்பு ஒன்றை எடுத்து உட்கார்ந்து, முட்களைச் சீவி, கணுக்களை இழைத்து, சொரசொரப்பான இலையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார். சுமார் ஆறு மணி நேரம். முட்கொம்பு அழகிய கைத்தடியாயிற்று. அப்போது ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் தன் கோலைத் தொலைத்துவிட்டுக் கலங்கி நின்றான். அத்தடியை அவனிடம் கொடுத்துவிட்டு மகரிஷிகள் மேலே நடந்தார். பண்டிதர் தமக்கு விடை கிடைத்துவிட்டதென்றார். நமக்கோ அதில் வேறொன்று தெரிகிறது: கவனமில்லாதவன் என்று தண்டிக்கப்பட்டவருடைய கவனம் எத்தகையது என்பது. 1950 ஏப்ரல் 14-ல் அவர் மறைந்தார்.

இனி அவர் பிறந்த சீமையின் இன்றைய நிலைக்கு வருவோம். 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தை 2012-ல் திருத்தியபோது, பல குறைபாடுகள் சேர்ந்த குழந்தைகளும் கடும் குறைபாடுள்ள குழந்தைகளும் வீட்டிலிருந்தே கல்வி பெறுவதைத் தேர்ந்துகொள்ளலாம் என்று உரிமை வழங்கப்பட்டது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஆட்டிசத்தையும் தன் 21 வகைகளுள் சேர்த்தது. கவனக் குறைவுக் கோளாற்றை மாத்திரம் தனியே பெயர் சொல்லவில்லை. ஆகவே, அக்கோளாறு மட்டும் உள்ள பிள்ளை இச்சட்டத்தின் வாசலில் நிற்கிறான். உள்ளே அழைப்பார் இல்லை.

வீட்டிலிருந்து கல்வி என்னும் உரிமை காகிதத்தில் இனிக்கிறது. தாயும் தகப்பனும் படித்து, ஒருவராவது பகலில் வீட்டிலிருக்கும் குடும்பத்திற்கு அது மெய்யான உரிமை. அருப்புக்கோட்டையில் தறியிலும் நூற்பாலையிலும் பகலிரவு நிற்கும் குடும்பத்திற்கும், திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் கருவேலங் கரிமூட்டம் போட்டும் பட்டாசு ஆலைக்குப் போயும் பிழைக்கும் குடும்பத்திற்கும் அதன் பொருள் என்ன? பிள்ளையைப் பூட்டிய வீட்டில் பாட்டியிடம் விட்டுப்போவதுதான். பள்ளிக்கூடம் தன் தொல்லையைக் கழித்துக்கொள்ள அவ்வுரிமை ஒரு சாக்காகிவிடக் கூடாது. வீட்டிற்கு ஆசிரியர் வராத வீட்டுக் கல்வி, நாகரிகமான பெயர் சூட்டிய புறக்கணிப்பேயாகும். பள்ளியில் இருக்கக்கூடிய பிள்ளைக்குப் பள்ளியிலேயே இடமும் சிறப்பு ஆசிரியரும் வேண்டும். இருக்க முடியாத பிள்ளையின் வீட்டு வாசலுக்கு ஆசிரியர் போக வேண்டும். முடிவு செய்வது பிள்ளையின் நிலையேயன்றி, தலைமையாசிரியரின் சௌகரியமன்று.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்படி வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் உண்டு. வீடுகளுக்குச் சென்று பயிற்சி அளிப்பதும் அவர்கள் கடமைகளுள் ஒன்று. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் தனித்தனி வட்டாரங்கள். அங்குள்ள ஊழியர்களும் வாலிபர் சங்கத்தாரும் இக்காரியத்தை மேற்கொள்ளலாம். ஒவ்வொரு கிராமத்திலும் பள்ளிக்குப் போகாமலிருக்கும் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுள் எத்தனை பேருக்குச் சான்றிதழ் எடுக்கப்பட்டிருக்கிறது, எத்தனை வீடுகளுக்கு இம்மாதம் ஆசிரியர் வந்து சென்றார், வந்தவர் எவ்வளவு நேரம் பிள்ளையோடு உட்கார்ந்தார் என்று வீடு வீடாய்க் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தாய்மாரிடமே கேட்க வேண்டும். ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதினால் போதாது. அக்கணக்கை வட்டார வள மையத்திலும், பிறகு விருதுநகரில் கலெக்டரிடமும், சட்டசபை அங்கத்தினரிடமும் நேரிற் கொண்டுபோய் வைக்கலாம். திருச்சுழியில் மகரிஷிகள் பிறந்த வீட்டைத் தரிசிக்க வெளிநாட்டாரும் வருகிறார்கள். அவ்வீட்டிற்கு அடுத்த தெருக்களிலிருந்தே இக்கணக்கைத் தொடங்கலாம்.